கோடித் துணி பெறாதவர்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறக்கும் ஒரு மனிதனுடைய வாழ்வு துணியில் தொடங்கித் துணியிலேயே முடிகிறது. தாயின் பழஞ்சேலையில் கட்டிய தூளியில் அவன் தன் முதல் உறக்கத்தைக் கொள்கிறான். தாய்மாமன் எடுத்துவரும் புதுத்துணியை உடுத்துக் காதுகுத்துக்கு அமர்கிறான். மணவறையில் பட்டு உடுத்துகிறான். கடைசியாக, உயிர் பிரிந்த அவன் சரீரத்தின்மீது பங்காளிகளும் சம்பந்திகளும் முறைப்படி கொண்டுவரும் கோடித் துணி போர்த்தப்படுகிறது. இவற்றுள் அந்தக் கடைசித் துணிக்கு நம் கிராமங்களில் உள்ள மதிப்பு சாமானியமானதன்று. பகை கொண்டு பல ஆண்டுகள் முகம் பாராதிருந்த உறவினனும் சாவுச் செய்தி கேட்டதும் ஒரு வேட்டியையோ சேலையையோ வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிடுவான். இறந்தவர் எங்களவர் என்று ஊரறியச் சொல்லும் சாட்சியம் அந்தத் துணி. யார் கோடி போட்டார், யார் போடாமற்போனார் என்பது பேரப்பிள்ளைகள் காலம்வரையிலும் பேசப்படும்.

இத்தகைய சம்பிரதாயம் வேரூன்றிய இந்தப் பிரதேசத்திலே, சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலும் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும், எய்ட்ஸ் என்னும் நோயால் மாண்டுபோன ஒரு தலைமுறையினருள் பலருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. குளிப்பாட்ட அஞ்சினார்கள், தொட்டுத் தூக்கத் தயங்கினார்கள், மருத்துவமனையில் சுற்றிக் கட்டிய கட்டு அவிழாமலேயே மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள், என்ன வியாதியென்று கேட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை என்றும் காசநோய் என்றும் பதில் சொல்லி, இழவு வீட்டின் துக்கத்தைக்கூடப் பாதியிலே நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் மாண்டு ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகிவிட்டது. நாட்டுக்கெல்லாம் துணி நெய்து கொடுக்கும் இந்தச் சமவெளி, தன் மக்களுள் கோடியின்றிப் போனவர்களுக்காக இனியேனும் ஒரு துணியை நெய்து, தைத்து, பொது இடத்தில் விரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நோய் வந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது அவசியம். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதுதான், இந்நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்ற உண்மை முதன்முதலாகப் பிரத்தியட்சமாயிற்று. அது அயல்நாட்டார் வியாதி, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பெரியவர்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், பிறந்த சில ஆண்டுகளிலேயே, கர்ப்பிணிகளிடையே தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக அரசின் கண்காணிப்பு அறிக்கைகளில் இடம்பெற்றது.

ஏன் நாமக்கல் என்ற கேள்விக்கு விடை அதன் ஜீவனோபாயத்தில் இருக்கிறது. மழை பொய்த்த மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் லாரியை நம்பின. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர்களும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும், சங்ககிரியின் லாரிக் கூடங்களும் பெருகி, இந்த வறண்ட நிலத்துக்குச் சோறு போட்டன. லோடு ஏற்றிக்கொண்டு மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பஞ்சாபுக்கும் சென்ற டிரைவரும் கிளீனரும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வீடு திரும்பாமல், நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே உண்டு உறங்கினார்கள். தனிமையும் களைப்பும் இளமையும் சேர்ந்த அந்த வாழ்வில் நோய்க்கு வழி கிடைத்தது. நோய் தொற்றியதை அறியாமல் வீடு திரும்பியவனிடமிருந்து மனைவிக்கும், அவளிடமிருந்து கருவிலிருந்த சிசுவுக்கும் அது சென்றது. இதைச் சொல்லும்போது லாரி ஓட்டுநரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். நாம் உண்ணும் அரிசியும் உடுத்தும் துணியும் அடுப்பெரிக்கும் வாயுவும் அவன் கண்விழித்த இரவுகளால் வந்தவை. அவனைத் தொடர்ந்து மாதக்கணக்கில் சாலையில் வைத்திருந்த வாணிப ஏற்பாட்டின் பயனை அனுபவித்தவர்கள் நாம் எல்லோருமே.

மருந்து இல்லாமையால் மட்டும் அவர்கள் மாண்டார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. பல ஔஷதங்களைச் சேர்த்து அளிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996ஆம் ஆண்டிலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் அதன் விலை ஓராண்டுக்குப் பதினாயிரம் டாலருக்குக் குறையாமல் இருந்தது. 2001 பிப்ரவரியில் நம் நாட்டின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலர் என்ற அடக்கவிலைக்குத் தர முன்வந்து, உலகின் மருந்து வாணிபத்தையே அதிரச் செய்தார். ஆனால் இந்திய அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் முதல் நாளில்தான். நம் தொழிற்சாலைகளில் உருவான ஔஷதம் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குச் சென்று உயிர் காத்த அந்த இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில், அதை வாங்கப் பணமின்றி, ஆட்டையும் நிலத்தையும் விற்றுத் சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்குப் பஸ் ஏறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த மரணங்களில் கிருமிக்கு ஒரு பங்கு என்றால், நம் தாமதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தமிழர்கள் இறந்தோரை மறக்கும் இனத்தார் அல்லர். தருமபுரியிலும் சேலத்திலும் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்கள், ஆநிரை மீட்கப் போய் வீழ்ந்தவர்களுடைய பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துநிற்கின்றன. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக நம் முன்னோர் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். இறக்கப்படாத சுமையோடு அவள் போனாள் என்பதற்காக, வழிப்போக்கன் தன் தலைச்சுமையை யாருடைய உதவியுமின்றி இறக்கி வைக்க ஓர் இடம் செய்து கொடுத்தார்கள். அந்நியர் ஒருவருடைய துயரத்தைக் குறைப்பதே இறந்தவளுக்குச் செய்யும் மரியாதை என்று கண்ட அந்த மனத்தின் விசாலம் வியந்து போற்றத்தக்கது. கொள்ளைநோயில் மாண்டவர்களுக்கு மாத்திரம் நாம் கல் நாட்டவில்லை. நோயின் உக்கிரத்தைத் தெய்வமாக்கி வணங்கினோம். சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடி மாதத்தில் ஊரே திரண்டு பொங்கலிடுகிறது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்களே எழுந்தன. அம்மனின் சினம் தணியப் பிரார்த்தித்தோம். அந்த நோய்களுக்கு இரையானவர்கள் இன்னின்னார் என்று எங்கும் எழுதிவைத்தோமில்லை. எய்ட்ஸால் இறந்தவர்களுக்குத் தெய்வமும் இல்லை, கல்லும் இல்லை.

இந்தக் குறையை வேறொரு தேசத்தார் எவ்வாறு நிவர்த்தி செய்துகொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். 1985 நவம்பரில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், படுகொலையுண்ட இரு தலைவர்களின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் மெழுகுவத்தி ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த கிளீவ் ஜோன்ஸ் என்னும் இளைஞர், அந்நகரத்தில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் எய்ட்ஸால் இறந்துவிட்டார்கள் என்று அறிந்தார். ஊர்வலத்தில் வந்தவர்களைத் தாம் இழந்தோரின் பெயரை அட்டையில் எழுதச் சொல்லி, அவற்றை மத்திய அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டச் செய்தபோது, அந்தச் சுவர் பாட்டிமார் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப் போர்வையைப்போல் அவருக்குத் தோன்றியது. 1987இல் அந்த எண்ணம் ஓர் இயக்கமாயிற்று. ஒரு துண்டுக்கு 3 அடி அகலம், 6 அடி நீளம். ஒரு மனிதனைப் புதைக்கும் குழியின் அளவு அது. எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். தாய் தன் மகனுக்கும், தோழன் தோழனுக்கும், தாதி தான் பணிவிடை செய்த நோயாளிக்கும் தைத்தார்கள். இறந்தவன் அணிந்த சட்டையையும், அவன் விளையாடிய பொம்மையையும், எழுதிய கடிதத்தையும் அத்துண்டுகளில் வைத்துத் தைத்தார்கள்.

1987 அக்டோபர் 11ஆம் நாள், வாஷிங்டன் நகரின் நடுவேயுள்ள பரந்த புல்வெளியில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன; ஒருவர்பின் ஒருவராக நின்று இறந்தோரின் பெயர்களை உரக்க வாசித்தார்கள். அடுத்த ஆண்டே அத்தொகை 8,288 ஆயிற்று. 1996இல் கடைசியாக முழுவதும் விரிக்கப்பட்டபோது, அந்தப் புல்வெளி முழுதையும் அது மூடியது. இன்றைக்கு ஏறத்தாழ 50,000 துண்டுகளில், 1,10,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி, 54 டன் எடையோடு அது சான் பிரான்சிஸ்கோவின் தேசிய எய்ட்ஸ் நினைவகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மக்கள் கூடி ஆக்கிய கலைப்படைப்புகளுள் இதனினும் பெரிது உலகில் இல்லை என்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது, இந்தப் போர்வையைத் தைத்து எஞ்சியிருந்த துணியிலிருந்து முகக்கவசங்கள் தைத்து வழங்கினார்கள் என்னும் செய்தி, ஒரு நோயின் நினைவுச்சின்னம் மற்றொரு நோயின் காலத்தில் உயிருள்ளோருக்கு உதவியதைக் காட்டுகிறது.

அமெரிக்கா செல்வ நாடு, அது நமக்கு முன்மாதிரியாகாது என்பார்களாயின், தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே கிழக்குக் கேப் மாகாணத்தில், கீஸ்காமா ஆறு கடலோடு கலக்கும் ஹாம்பர்க் என்னும் எளிய ஊரில், கரோல் ஹாஃப்மெயர் என்ற பெண் வைத்தியர் வறுமை போக்கும் பொருட்டு ஊர்ப் பெண்களுக்கு எம்பிராய்டரி வேலை கற்பித்தார். எய்ட்ஸ் அவ்வூரின் இளையோரை வாரிக்கொண்டு போனபோது, ஏறத்தாழ 130 பெண்கள் கூடி, 2005இல் கீஸ்காமா பலிபீடத் திரை என்னும் மிகப்பெரிய படைப்பை ஊசியும் நூலும் மணியும் கொண்டு உருவாக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் குரூன்வால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர், தீராச் சருமநோயாளிகளைப் பேணிய ஒரு மடாலயத்து மருத்துவமனைக்காகத் தீட்டிய ஓவியத்தை அது அடியொற்றியது. அதன் உட்புறக் கதவுகளைத் திறந்தால் தெரிபவர்கள் தேவதூதர்கள் அல்லர். பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளோடு நிற்கும் அவ்வூர்ப் பாட்டிமார்களே. அந்தப் பாட்டிமார்களைப் போன்றவர்கள் நாமக்கல் கிராமங்களிலும் உண்டு. மகனையும் மருமகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, கோழிப்பண்ணையிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலிக்குச் சென்று பேரப்பிள்ளைகளைப் படிக்கவைத்த அந்த முதிய பெண்களின் உழைப்பை எந்தச் சுவரும் எந்தத் திரையும் இதுவரை சொல்லவில்லை.

இங்கும் துணிந்து எழுந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நாமக்கல் மாவட்டத்தில் பிறந்து, மணவாழ்வின் வழியே தொற்றுக்கு ஆளான கௌசல்யா, இருபது வயதைச் சற்றே கடந்த பருவத்தில், தம் நிலையை ஊரறியச் சொல்லி, 1998இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பு ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். விதவைக்குச் சொத்துரிமை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், நோயாளிக்கு மாத்திரை என்று அப்பெண்கள் படிப்படியாகப் போராடிப் பெற்றவை பல. அவர்களால்தான் இன்று தொற்றுடையோர் பலர் சமுதாயத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடிகிறது. நினைவுத் துணி ஒன்று இங்கே தைக்கப்படுமானால், முதல் ஊசியைக் கையில் எடுக்கும் உரிமை அத்தகைய பெண்களுக்கே உண்டு.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் மூன்று. முதலாவது, இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைத்துக்கொள்வதே நம் வழக்கத்துக்கு விரோதம் என்பது. உண்மையே, நாம் அவற்றைக் கொடுத்துவிடுகிறோம், அல்லது மயானத்தோடு விட்டுவிடுகிறோம். ஆகையால் அமெரிக்கர்கள் செய்ததை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. நம் முறை புதுத்துணி போர்த்துவது. அவர்கள் துண்டின் நீளம் 6 அடி. நம் நாலு முழ வேட்டியின் நீளமும் ஏறத்தாழ அதுவே. புதிதாய் நெய்த ஒரு துணியை, உரிய காலத்தில் போர்த்தத் தவறிய கோடியாக எண்ணி, இப்போது போர்த்துவது எந்தச் சம்பிரதாயத்துக்கும் முரணாகாது.

இரண்டாவது ஆட்சேபம் வலியது. பெயரை எழுதினால் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கேடு விளையும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள் என்பது. இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய தொற்றுநிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆத்மா இறந்தோரின் குடும்பத்துக்கும் பொருந்துவதே நியாயம். அமெரிக்கப் போர்வையிலும் முதற்பெயரை மட்டும் எழுதிய துண்டுகளும், பெயரே எழுதாத துண்டுகளும் உண்டு. இங்கே பெயருக்குப் பதிலாக அவர் ஓட்டிய வண்டியையோ, நெய்த கரையையோ, நட்ட வேப்பமரத்தையோ தைக்கலாம். யாருக்கு உரியது என்பது தைத்தவருக்குத் தெரியும், அது போதும். பெயரை எழுத விரும்புவோர் எழுதட்டும். எழுத இயலாதோரை ஒருவரும் வற்புறுத்தலாகாது.

மூன்றாவது, அழுவதை விட மருந்து கேட்டுப் போராடுவதே மேல் என்பது. அமெரிக்காவிலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. 1992 அக்டோபரில், போர்வை விரிக்கப்பட்டிருந்த அதே நாட்களில், போராட்டக்காரர்கள் தம் அன்புக்குரியோரின் சாம்பலைக் கொண்டுவந்து வெள்ளை மாளிகையின் புல்வெளியில் எறிந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் துக்கமும் போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் கிராமங்களில் இன்றைக்கு மாத்திரை இல்லாமல் இறப்பவர்களை விட, கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்கிப் பாதியில் நிறுத்திவிடுபவர்களுடைய ஆபத்தே பெரிது. ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பிறருக்குப் பரவாது என்று விஞ்ஞானம் உறுதியாகச் சொல்லிவிட்டது. மருந்து தன் கடமையைச் செய்துவிட்டது. இனி வெட்கத்தைத்தான் ஒழிக்க வேண்டும். இறந்தோரைப் பகிரங்கமாக மதிக்கத் துணிகிற ஊரில், உயிரோடிருப்போர் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசற்படியைத் தயக்கமின்றி ஏறுவார்கள்.

இதைச் செய்யத் தேவையான கைகள் யாவும் இந்தச் சமவெளியில் இருக்கின்றன. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றது சேலம். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறியொலி இன்னும் அடங்கவில்லை. இளம்பிள்ளையில் சேலையும், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறித் துணியும் நாள்தோறும் மலைபோல் குவிகின்றன. தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றுவதற்கு ஒரு வீட்டார் போதாது, தெருவாரே கைகொடுக்க வேண்டும் என்பது தேவாங்கரும் செங்குந்தரும் சௌராஷ்டிரரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. லாரியின் நெற்றியிலும் கதவிலும் எழுத்தும் மலரும் தீட்டும் ஓவியர்கள் நாமக்கல் பட்டறைகளில் இருக்கிறார்கள்; ஓட்டுநருடைய நினைவை அவர்கள் கைவண்ணத்தை விட எது நன்றாகச் சொல்லும்? கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் துணியையும், லாரி உரிமையாளர் சங்கங்கள் செலவையும், சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் மாணவர்களின் உழைப்பையும் தரட்டும். தொற்றுடையோரின் அமைப்புகள் இதை முன்னின்று நடத்தட்டும். அரசு பின்னிருந்து துணை செய்யட்டும். ஆண்டுதோறும் உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று நாமக்கல்லிலும் சேலத்திலும் பொது மைதானத்தில் அது விரிக்கப்படட்டும். மற்ற நாட்களில் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் பழுதின்றிப் பாதுகாக்கப்படட்டும்.

உலகெங்கும் இந்த நோய்க்கு இதுவரை இரையானோர் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் நாம் பொறுப்பேற்க முடியாது. நம் தெருவில் வளர்ந்து, நம் லோடைச் சுமந்து, நம் தறியில் உழைத்து, ஒரு முழத் துணியும் போர்த்தப்பெறாமல் போனவர்களுக்கு நாமே பொறுப்பு. அவர்களுடைய தாய்மார்களில் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்கள் கண்ணிருக்கும்போதே இந்தத் துணி விரிக்கப்பட வேண்டும். நெசவாளர்களும் லாரித் தொழிலாளர்களும் மாவட்ட நிர்வாகமும் வருகிற டிசம்பருக்குள் இதற்கான முதற் கூட்டத்தைக் கூட்டுமாறு பணிவோடு வேண்டிக்கொள்கிறோம்.